எல்ஸ்மியர் தீவில் ஓநாய் கிட்ட வந்தால் என்ன செய்வது?

செம்பூர்க்காரன்:
ஜூலையில் கனடாவின் நுனாவுட்டில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்கு ஒரு பனியாறு ஆய்வுக் குழுவோடு எடுபிடி வேலைக்குப் போகிறேன், கூடாரத்தில்தான் தங்கல். அங்கே வெள்ளை ஓநாய்கள் ஆளைப் பார்த்து ஓடாதாம், நேரே பக்கத்தில் வந்து நிற்குமாம். மும்பை ஆரே காலனியில் தூரத்தில் சிறுத்தையைப் பார்த்ததோடு சரி, எனக்கு வேறு அனுபவம் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

வடக்கத்திக் கிறுக்கன்:
தம்பி, உண்மைதான். அங்கே வேட்டைத் தொல்லை குறைவு என்பதால் மனிதன் என்றால் பயமில்லை, வேடிக்கை பார்க்க வரும். டேவிட் மெக் என்ற ஆய்வாளர் 1986 முதல் பல கோடைகள் அந்தத் தீவில் ஒரு கூட்டத்தோடு பழகியிருக்கிறார், அவருடைய பூட்ஸ் கயிற்றை ஒரு குட்டி அவிழ்த்ததாம்! அதற்காக நீயும் கையை நீட்டாதே. வந்தால் ஓடக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது, பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கு. விடாமல் நெருங்கினால் கையைத் தூக்கிக் கத்து, கல்லை எடு. சாப்பாட்டைத் தூங்கும் கூடாரத்தில் வைக்காதே. போட்டோவுக்காக பிஸ்கட் போடுவதுதான் இருப்பதிலேயே மோசம், தீனி கண்ட ஓநாய் அடுத்து வருகிறவனிடமும் கேட்கும்.

கோலிவாடா அக்கா:
உலகம் முழுக்க 2002 முதல் 2020 வரை ஓநாய் தாக்கியவர்கள் 489 பேர், இறந்தது 26 பேர் என்று நார்வே ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கெடுத்தது. அதில் முக்கால்வாசிக்கு மேல் வெறி பிடித்த ஓநாய்கள். அதனால் ரேபிஸ் ஊசியைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளப்பா. அங்கே ரேபிஸைச் சுமப்பது பெரும்பாலும் துருவ நரி, அதுவும் சாதுவாகப் பக்கத்தில் வந்தால் நம்பாதே. கடிபட்டால் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவு. முன்கூட்டியே ஊசி போட்டிருந்தாலும் கடித்த பிறகு மறுபடி போடத்தான் வேண்டும், ஆனால் இம்யூனோகுளோபுலின் (காயத்தைச் சுற்றிப் போடுகிற, உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்து) தேவைப்படாது. அந்த அத்துவானத்தில் அதை எங்கே போய்த் தேடுவாய்?

தாராவி டு டன்ட்ரா:
கல்லை எடு என்று அண்ணன் சொன்னது சரி, ஆனால் கோடையில் குட்டிகள் வளையில் இருக்கும். வளைப் பக்கம் போய்விட்டால் கத்திக்கொண்டு நிற்காமல் வந்த வழியே திரும்பிவிடு. அப்புறம், எல்லாரும் ஓநாயையே பேசுகிறீர்கள், அங்கே பனிக்கரடி இருக்கிறது சாமி! முகாமைச் சுற்றிக் கம்பி அலாரம் கட்டுவார்களா, இரவுக் காவல் யார், துப்பாக்கிப் பயிற்சி உள்ளவர் யார் என்று குழுத் தலைவரிடம் இப்போதே கேட்டு வை.