மறுமொழி: ஆக்சிலேட்டரை மிதிக்கையில் எழும் 'நாக்கிங்' – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

> 'நாக்கிங்' என்பதற்குத் 'தானெரிவு' என்று வைத்துவிடலாமே? பெயரே காரணத்தையும் சொல்லிவிடுகிறது.

காரணத்தைச் சொல்கிறது, உண்மைதான். பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் சிலிண்டர் முழுக்கப் பரவி முடிவதற்குள், ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாளாமல் தானாகவே பற்றிக்கொள்கிறது. அப்போது கிளம்பும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி அதிர்வதைத்தான் நாம் ஓசையாகக் கேட்கிறோம்.

ஆனால் டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. எரிபொருள் தானாகப் பற்றுவதுதான் அதன் அன்றாட வேலை. ஒன்றில் பழுதாகவும் மற்றொன்றில் நல்ல இயக்கமாகவும் இருப்பதைப் பழுதின் பெயராக்கக் கூடாது. 'தானெரிவு' நல்ல சொல்; அந்த நிகழ்வுக்கே அதை வைத்துக்கொள்வோம். இன்னொருவர் சொன்ன 'தற்பற்றல்' வேண்டாம். தன்மேல் கொண்ட பற்று என்றுதான் முதலில் படும்.

இந்தச் சொல் யாருக்குத் தேவை என்று பார்த்தால் வழி தெளிகிறது. வண்டியை முடுக்கும்போது ஏதோ சத்தம் வருகிறது என்று ஒருவர் மெக்கானிக்கிடம் போகிறார். என்ன மாதிரிச் சத்தம், எப்போது வருகிறது என்பதுதான் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. மேட்டில் ஏறும்போதோ, டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்து சட்டென்று ஆக்சிலேட்டரை அழுத்தும்போதோ, தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கினாற்போல் கலகலவென்று கேட்டு, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் பெரும்பாலும் நாம் பேசும் நாக்கிங்தான். ஆக்டேன் எண் (தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனின் அளவு) குறைந்த பெட்ரோல், உள்ளே படிந்த கரி, அளவு மீறிய சூடு, முந்திப்போன ஸ்பார்க் டைமிங் ஆகியவற்றை அடுத்துப் பார்க்க வேண்டும்.

பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்தாலும் தட்டும் ஓசைதான் வரும். ஆனால் அது கனத்த 'டொக் டொக்'. என்ஜின் சுற்றும் வேகத்தோடு சேர்ந்து விரையும். நின்ற இடத்திலேயே நியூட்ரலில் ரேஸ் பண்ணினாலும் கேட்கலாம். பெட்ரோலை மாற்றினால் போகாது. அதோடு ஓட்டிக்கொண்டே போனால் ராடு உடைந்து பிளாக்கையே துளைத்துவிடக்கூடும். முன்னதற்கு நல்ல பெட்ரோலே போதுமானதாக இருக்கலாம், பின்னதற்கு என்ஜினையே பிரிக்க வேண்டும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்', 'ராடு நாக்' என்று பிரித்தேதான் சொல்கிறார்கள். அவர்கள் பிரித்து வைத்திருப்பதை நம் கலைச்சொல் கலந்துவிடக் கூடாது.

ஆகவே 'தட்டல்' பொதுவாக நிற்கட்டும், முன்னால் வரும் அடை காரணத்தைக் காட்டட்டும். எரிதலில் பிறப்பது எரிதட்டல். பேரிங்கில் பிறப்பது தாங்கித் தட்டல். 'வெடிதட்டல்' என்ற முன்மொழிவும் வந்தது. சைலன்சரில் படாரென்று வெடிப்பதோடு அது குழம்பும் என்பதால் எனக்கு ஒப்புதல் இல்லை.

எந்தச் சொல்லும் கூட்டுச்சொற்களில் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய சிறு உணரி ஒன்று, சாதாரண கார் சிலிண்டரின் அளவுக்கு ஏறக்குறைய 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ் வரை எழும் அதிர்வைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அது உணர்ந்ததும் கட்டுப்பாட்டுக் கணினி ஸ்பார்க்கைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. அதனால் புது வண்டிகளில் ஓசையே கேட்காமல் பிக்அப் மட்டும் குறையலாம். அந்த உணரி 'எரிதட்டல் உணரி', நாக்கு இடறவில்லை. பெட்ரோலில் கலப்பது 'தட்டல் தடுப்பி'. டெட்ராஎதில் ஈயத்துக்கு இந்தக் குணம் உண்டென்று 1921இல் கண்டார்கள். அந்த நச்சு கார் பெட்ரோலைவிட்டு உலகெங்கும் முற்றாக விலக 2021 ஆயிற்று.

ஸ்பார்க்குக்கு முன்பே, தணலாய்ச் சிவந்த கரித்துணுக்கோ பிளக் முனையோ கலவையைப் பற்றவைத்துவிடுவது வேறு. அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'முன்பற்றல்' என்று தனிப்பதிவு வேண்டும். எரிதட்டல் பெரும்பாலும் ஸ்பார்க்குக்குப் பின் நிகழ்வது. ஒன்று மற்றொன்றைத் தூண்டக்கூடும் என்பதாலேயே இரண்டையும் ஒரே பெயரில் போடக் கூடாது.

ஒற்று பற்றி: எரிகல், எரிபொருள் போல வினைத்தொகையாகக் கொண்டால் 'எரிதட்டல்' என்றே வரும், வல்லினம் மிகாது. 'எரித்தட்டல்' என்று எழுதினால் 'எரித்து' என்ற வினை உள்ளே நுழைந்ததுபோல் தெரிகிறது.

இலேசான நாக்கிங்கை ஆங்கிலத்தில் சொல்லும் 'பிங்கிங்' என்பதற்குத் தனிச்சொல் தேடவேண்டாம் என்பது என் கருத்து. இலேசான எரிதட்டல், கடும் எரிதட்டல் என்று பிரித்தாலே போதும். 'தாங்கித் தட்டல்' மட்டும் எனக்கே முழு நிறைவு தரவில்லை. 'தாங்கி' என்றால் எந்தத் தாங்கி என்ற கேள்வி எழுகிறது; சக்கரத்திலும் பேரிங் உண்டு. 'தண்டுத் தட்டல்' பொருந்துமா? பட்டறையில் வேலை செய்பவர்கள் சொன்னால் அதையே பதிவில் ஏற்றிவிடலாம்.