வால்வு மாற்றிய பிள்ளைக்கு ஐ.என்.ஆர். திடீரென்று 5.2, காரணம் பிடிபடவில்லை

கோத்தகிரி அப்பா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பத்து வயது. ருமாட்டிக் காய்ச்சலில் இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், போன வருடம் கோவையில் முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன் செய்து உலோக வால்வு வைத்தார்கள். ராத்திரி வீடு அடங்கிய பிறகு பக்கத்தில் படுத்தால் கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும், அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்குத் தூக்கமே வரும். வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை 2 மி.கி. தினமும் இரவு எட்டு மணிக்கு. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்தான் ஐ.என்.ஆர்., அது 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏழு மாதமாக 2.7, 3.0, 3.1 என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வாரம் பார்த்தால் 5.2. முழங்காலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நீலம் பாரித்திருந்தது, மற்றபடி மூக்கிலோ ஈறிலோ ரத்தம் எதுவும் இல்லை. கோவை டாக்டருக்கு போன் செய்தேன். ஒரு வேளை மாத்திரையை நிறுத்து, இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார் என்றார். பார்த்தோம், 3.4. இறங்கிவிட்டது சரி, ஆனால் ஏன் ஏறியது? வேளை தவறவில்லை, இரட்டையாகக் கொடுக்கவில்லை, காய்ச்சல் சளி என்று வேறு மருந்தும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, வால்வு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குக் கீரை விஷம் என்று சொன்னதால் மூன்று வாரமாகக் கீரை, கோஸ், பீன்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இவ்வளவு பத்தியம் இருந்தும் ஏறுகிறதே என்பதுதான் ஆற்றாமை.

இன்னொன்று. மழைக்காலத்தில் மண் சரிந்தால் கோவை போக முடியாது. இங்கே மலையிலேயே லேப்பில் பார்த்தால் நம்பலாமா?

---

குன்னூர் லேப்காரன்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், என் வேலை அதுதான். நம்பலாம், ஆனால் ஒரே லேப்பில் பாருங்கள். இந்த மாதம் இங்கே, அடுத்த மாதம் அங்கே என்று பார்த்துவிட்டு 2.6, 3.1 என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஐ.என்.ஆர். கணக்கே ஒவ்வொரு லேப்பின் ரசாயனத்தையும் சமன் செய்யத்தான் வந்தது, இருந்தாலும் சின்ன வித்தியாசம் இருக்கவே செய்யும்.

நீங்கள் கவனிக்கவேண்டியது ஊதா மூடியும் இல்லை, சிவப்பு மூடியும் இல்லை, வெளிர்நீல மூடி போட்ட குழாய். அதில் முன்கூட்டியே சிட்ரேட் திரவம் கொஞ்சம் இருக்கும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்று கணக்கு. பிள்ளையின் நரம்பு சின்னது, அழுகிறது என்று பாதிக் குழாயோடு நிறுத்தினால் சிட்ரேட் மிஞ்சிப்போய், இருப்பதை விட அதிகமாகக் காட்டும். கோடு வரைக்கும் ரத்தம் வந்ததா என்று நீங்களே குனிந்து பாருங்கள், வராவிட்டால் அதை அனுப்பவேண்டாம் என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை. குழந்தைகளுக்கென்றே குறைவான அளவில் நீல மூடிக் குழாய் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் மெஷினும் இருக்கிறது, சர்க்கரை பார்ப்பது போலத்தான். பட்டைக்கு ஆகும் செலவு அதிகம். ஆனால் மலையில் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு அது ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

---

மருந்துக்கடை_அரவேணு:

கீரை நிறுத்தியதால் குறையவேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள், அது நேர்மாறு. ரத்தம் உறைய வைக்கிற சில பொருள்களை ஈரல் செய்யும், அதற்கு வைட்டமின் கே வேண்டும். அசிட்ரோம், அதே வகை மருந்தான வார்ஃபரின் இரண்டும் அந்த வைட்டமின் வேலையைத் தடுக்கின்றன. அதாவது ஒரு பக்கம் கீரை இழுக்கிறது, மறுபக்கம் மாத்திரை இழுக்கிறது. ஏழு மாதமாக நீங்கள் கொடுத்த கீரையையும் சேர்த்துத்தான் 2 மி.கி. என்று அளவு செட் ஆகியிருக்கிறது. கீரைப் பக்கம் கையை விட்டால் மாத்திரைப் பக்கம் சாயும், ஐ.என்.ஆர். ஏறும். கீரை விஷமெல்லாம் இல்லை. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள், அவ்வளவுதான். பாட்டி வீட்டுக்குப் போய் ஒரு வாரம் மூன்று வேளையும் கீரை, திரும்பி வந்து ஒரு மாதம் சுத்தமாக இல்லை, இதுதான் ஆகாது. கேரட், உருளை, பீட்ரூட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் மலமும் சிறுநீரும் சிவந்து போனால் அலறிக்கொண்டு ஓடாதீர்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் 5.2 வரை போனதற்குக் கீரை மட்டும் காரணமாக இருக்காது என்று எனக்குப் படுகிறது. நன்றாக யோசியுங்கள். நாட்டு மருந்து, கஷாயம், சத்து மாவில் கலந்த பொடி? பேதி, சரியாகச் சாப்பிடாத நாள்? ஸ்ட்ரிப்பில் 2 மி.கி.-க்குப் பதில் வேறு அளவு வந்துவிட்டதா? அப்புறம், உடம்பில் ஏதாவது தேய்க்கிறீர்களா?

---

ஊட்டி_78:

எதற்கு இந்தக் கஷ்டம்? இப்போது புது மாத்திரைகள் வந்துவிட்டன, டெஸ்ட்டே வேண்டாம், கீரைக் கணக்கும் வேண்டாம். என் மாமாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்று கொடுத்திருக்கிறார்கள், ஜம்மென்று இருக்கிறார். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

---

மருந்துக்கடை_அரவேணு:

ஊட்டி_78, நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் இந்தப் பிள்ளைக்கு இது ஆபத்தான யோசனை. உலோக வால்வுக்கு அந்த மாத்திரைகள் ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வு வைத்த பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று, முடிவு 2013-ல் வெளிவந்தது. ரத்தம் உறைந்து கட்டி பிடிப்பதும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம். குழந்தைகளுக்கு அந்த வகை மாத்திரையே இல்லை என்றும் சொல்லவில்லை. அதே வகையான ரிவராக்சபானை, பிறவி இதயக் கோளாறுக்காக ஃபான்டன் ஆபரேஷன் செய்த இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் 2021-ல் அனுமதித்தார்கள். அது வேறு இதயக் கோளாறு. மாமாவின் இதயமும் இந்தப் பிள்ளையின் வால்வும் ஒன்று இல்லை.

---

கூடலூர் அம்மா:

தம்பி, என் பையனுக்கு இப்போது பதினாறு, எட்டு வயதில் வால்வு மாற்றினோம். சித்ரா வால்வு, திருவனந்தபுரத்தில் உருவாக்கி 1990-ல் முதன்முதலில் பொருத்தினார்களே, அதுதான். எட்டு வருடமாக இந்த எண்ணோடுதான் குடித்தனம். எனக்கும் ஒருமுறை எகிறியது, அதைச் சொல்கிறேன்.

பையனுக்குப் பல்வலி. ஊர் பேர் வேண்டாம், பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். வால்வு மாத்திரை சாப்பிடுகிறான் என்று சொன்னேன், தலையாட்டினார், எழுதிக் கொடுத்தார். ஐபுப்ரூஃபனும் மெட்ரோனிடசோலும். மூன்றாம் நாள் ராத்திரி தலையணை உறையில் ரத்தம், ஈறிலிருந்து கசிந்து கசிந்து காய்ந்திருந்தது. விடிவதற்குள் காரை வரவழைத்துக்கொண்டு இறங்கினோம், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் வாந்தி எடுத்தால் அதில் ரத்தம் இருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே போனேன். பிழைத்துக்கொண்டான். அதிலிருந்து எந்த மாத்திரை எழுதினாலும், அது சளிக்கானாலும் சரி, புழுவுக்கானாலும் சரி, கோவை டாக்டரிடம் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்காமல் கொடுப்பதில்லை. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்குத் தகுந்த அளவு, நாள்கணக்கில் இழுக்காமல். புது ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தால் மூன்று நாலு நாளில் ஐ.என்.ஆர். ஒரு தடவை பார்த்துவிடுகிறோம்.

மாத்திரையைக் கொடுத்தவுடன் காலண்டரில் டிக் போடுங்கள். நான் முதலில் தினசரி காலண்டரில் போட்டேன், மாமியார் காலையில் எழுந்தவுடன் சாமி கும்பிட்டுவிட்டுத் தாளைக் கிழித்து அடுப்பு பற்ற வைத்துவிடுவார், என் கணக்கும் அதோடு போய்விடும். மாதக் காலண்டருக்கு மாறினேன். மறந்துவிட்டால், அன்றைக்கே ஞாபகம் வந்தால் கொடுப்பேன், மறுநாள்தான் தெரிந்தது என்றால் விட்டுவிடுவேன், சேர்த்து இரண்டு கொடுக்கவே கூடாது.

விளையாட்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். இறகுப்பந்து, ஓட்டம், நடை எல்லாம் விடுகிறேன். கபடி இல்லை. தலையில் அடிபட்டால் மட்டும், சிரித்துக்கொண்டு நின்றாலும் ஆஸ்பத்திரிதான், அதில் எனக்குப் பேச்சே கிடையாது. எண் ஏறினால்தான் பயம் என்றும் நினைக்காதீர்கள். இறங்கிப்போனால் வால்வில் ரத்தம் உறைந்து கட்டி பிடிக்கும். நீங்கள் ராத்திரி கேட்கும் அந்த டிக் டிக் மங்கலாகிவிட்டால், மூச்சு வாங்கினால், வாய் கோணினால், கை தொய்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பெண் பிள்ளை என்பதால் இன்னும் ஒன்று சொல்கிறேன். வயதுக்கு வரும்போது உதிரப்போக்கு அதிகமாக இருக்கலாம். வெட்கப்படாமல் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வையுங்கள், அவள் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

---

கோத்தகிரி அப்பா:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, தலையணை உறையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய் நின்றேன்.

மருந்துக்கடை சார், உங்கள் கடைசிக் கேள்வியை அப்படியே என் அம்மாவிடம் கேட்டேன். குளிர் ஆரம்பித்ததிலிருந்து கால் உளைகிறது என்று பிள்ளை சொல்ல, அம்மா தினமும் ராத்திரி இரண்டு காலிலும் தைலம் தேய்த்து, வெந்நீர்ப் பை வைத்து, கம்பளியும் சுற்றிவிட்டுப் படுக்க வைத்திருக்கிறார். ஒரு மாதமாக. என்னிடம் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, மருந்தா அது? பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன், நீலகிரித் தைலம் என்றுதான் நினைத்தேன். லேபிளில் விண்டர்கிரீன் என்று இருக்கிறது. இதுவா?

21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியும் போடுகிறோம், அதையும் இப்போது சந்தேகமாகவே பார்க்கிறேன்.

---

மருந்துக்கடை_அரவேணு:

இதுவாகத்தான் இருக்கும். யூகலிப்டஸ் தைலம் வேறு, விண்டர்கிரீன் வேறு, நம் ஊர்க் கடைகளில் இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் எல்லோருக்கும் எல்லாமே தைலம். விண்டர்கிரீன் நம் மலையில் சோலை ஓரத்தில் வளர்கிற செடிதான், அதன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க மீதைல் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தோல் வழியாக உள்ளே போகும். தேய்த்துச் சூடு வைத்துக் கம்பளியும் சுற்றினால் இன்னும் அதிகமாகப் போகும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இதனால் ஐ.என்.ஆர். ஏறியது மருத்துவப் பத்திரிகைகளில் வந்த சங்கதி. மூட்டு வலி பாம், ஸ்ப்ரே பலவற்றிலும் இதே சரக்கு உண்டு, டப்பாவின் பின்பக்கம் படியுங்கள்.

அந்த பாட்டிலைப் பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், இது மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். ஒரு டீஸ்பூன் விழுங்கினால் சாதாரண ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியது போல.

இப்போது தைலத்தை நிறுத்தி, கீரையைத் திரும்ப ஆரம்பித்தால் எண் கீழே இறங்கும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இது தெரியாமல் அவர் ஏற்கெனவே டோஸைக் குறைத்திருந்தால் அடுத்தது 1.8 என்று வந்து நிற்கும். ஒரு வாரத்தில் மறுபடி பாருங்கள்.

---

கூடலூர் அம்மா:

பெனிசிலின் ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் தம்பி, ருமாட்டிக் திரும்ப வந்தால் இருக்கிற மற்ற வால்வும் கெடும். எண் வரம்புக்குள் இருந்தால் போடலாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். போட்ட இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிப்போம், தேய்க்கமாட்டோம். 5.2 இருக்கிற நாளில் போடக்கூடாது. சிலருக்கு ஊசிக்குப் பதில் மாத்திரையாகவே மாற்றிக் கொடுக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

---

கோத்தகிரி அப்பா:

பத்து நாள் கழித்து வருகிறேன். டாக்டரிடம் தைலம், கீரை இரண்டையும் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாட்டிகளையும் ஓ.பி.க்கு வரச் சொல்லவேண்டும் போல என்றார். டோஸ் அதே 2 மி.கி.தான். ஊசி பற்றி அடுத்த முறை நேரில் பேசலாம் என்றிருக்கிறார், அதுவரை தேதி தவறாமல் போடச் சொன்னார். நேற்று பார்த்தது 2.9, நீல மூடி, கோடு வரைக்கும் ரத்தம், குனிந்து பார்த்தேன்.

அம்மாதான் இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. நேற்று ராத்திரி வந்து, வெறும் தேங்காய் எண்ணெயாவது தேய்க்கலாமா, கேட்டுச் சொல்லு என்றார்.

---

மருந்துக்கடை_அரவேணு:

தாராளமாக. அழுத்தாமல் தேய்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதமாகக் கால் உளைகிறது என்பதையும் டாக்டரிடம் சொன்னீர்களா? ருமாட்டிக் வந்த பிள்ளை, மூட்டு வலியா சதை வலியா என்று அவர் தொட்டுப் பார்க்கட்டும்.