ஏ9 வீதி ஓரம் கீழே கடை, மேலே வீடு: பிரதேச சபை அனுமதிக்கு எதில் தொடங்குறது?

கேள்வி: கிளிநொச்சி டவுனுக்குக் கிட்ட ஏ9 முகப்புக் காணி. கீழ நாலு கடை, மேல ரெண்டு வீடு. கட்டடப் படம் கீறியாச்சு. நேரா கரைச்சி பிரதேச சபையில குடுக்கலாமோ?

பதில் 1: பொறுங்கோ. காணி உறுதிக் காணியோ, அரசு பெர்மிட்டில குடுத்த காணியோ? வன்னியில 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டப் பெர்மிட் காணிகள் கனக்க. என்ன தேவைக்குக் குடுத்ததெண்டு அதில எழுதியிருக்கும். கடையெண்டு இல்லாட்டி முதல்ல பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கோ. வயல் நிரப்பின நிலமெண்டா கமநல அபிவிருத்தித் திணைக்கள அனுமதியும் வேணும். அது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில இருக்கு.

பதில் 2: அண்ணை சொன்னது சரி. அதோட ஏ9இன்ர கட்டடக் கோடு, அதாவது வீதிப் பக்கம் தாண்டிக் கட்டேலாத எல்லை, எங்க வருதெண்டு வீதி அபிவிருத்தி அதிகாரசபையிட்டக் கேளுங்கோ. கனபேர் தங்கட மதிலில இருந்து அளக்கினம். அது வீதி நடுக்கோட்டில இருந்து அளக்கிறது. கோடு உள்ளுக்கு வந்தால் முன் தூண் வரிசை தள்ளும், பீம் நீளம் மாறும், படம் திரும்பக் கீறவேணும். அதுதான் காசைத் தின்னுறது.

பதில் 3: படத்தில காட்டின வாகனத் தரிப்பிடத்தை அடைச்சு அஞ்சாவது கடையாக்கிப் போடாதேங்கோ, தயவுசெய்து. கட்டி முடிய சபை ஆக்கள் வந்து பாப்பினம். படமும் கட்டடமும் பொருந்தாட்டி, படத்தின்படியே கட்டினதெண்டு குடுக்கிற இணக்கச் சான்றிதழ் கிடையாது. அது கையில வராமல் கடை திறக்கவோ ஆக்களைக் குடிவைக்கவோ ஏலாது.