மொறிஸ் மைனர்: ஏற்றத்தில் இழுவை இல்லை

கேள்வி: கொழும்பில் டியூன் செய்த மொறிஸ் மைனர் 1000 கார், எஸ்.யூ. காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கருவி). நுவரெலியா ஏற்றத்தில் நானுஓயா தாண்டினால் இழுவை இல்லை. எக்சலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு கணம் அமுங்கி, பிறகுதான் எடுக்குது. பிளக் நுனியில் கறுப்புக் கரி. ஜெட் (காபரேட்டரில் பெற்றோல் வரும் துளைக்குழாய்) மாற்றணுமா அண்ணே?

பதில் 1: ஜெட் மாற்ற வேண்டாம் தம்பி. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். காற்று மெலிசு, அதனால் மிக்சர் ரிச்சாகிடும், அதாவது காற்றைவிடப் பெற்றோல் பங்கு கூடிடும். கரி அதைத்தான் சொல்லுது. என்ஜினை நல்லா சூடாக்கி, சோக்கை முழுசா உள்ளே தள்ளிட்டு, ஜெட்டுக்குக் கீழே உள்ள நட்டை ஒரு முகம் மட்டும், அதாவது ஆறில் ஒரு சுற்று, மேலே ஏற்றுங்க. பிறகு காபரேட்டர் பக்கத்தில் உள்ள சின்ன ஊசியை (பின்) மேலே தள்ளி, காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் தூக்கிப் பாருங்க. வேகம் கூடி அப்படியே நின்றால் இன்னும் ரிச். என்ஜின் அணையப் போனால் லீன், அதாவது பெற்றோல் குறைவு. லேசா கூடி உடனே அடங்கினால் சரி.

பதில் 2: அமுங்குறதுக்குக் காரணம் பெரும்பாலும் டாம்பர் ஒயில், அதாவது காபரேட்டர் பிஸ்டன் துள்ளாமல் அடக்கும் ஒயில். அது வற்றினால் பிஸ்டன் துள்ளி எழும்பி, மிதித்த நொடியில் மிக்சர் லீனாகும். எஸ்.ஏ.ஈ. 20 ஒயில் ஊற்றுங்க. டாம்பர் மூடியை இறக்கும்போது கடைசி 6 மில்லிமீட்டரில் தடை தெரியணும். கியர் ஒயில் கூடவே கூடாது, பிஸ்டன் எழும்பப் பிந்தும்.

பதில் 3: இதுக்கெல்லாம் முதல் டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ட் (பிளக்குக்குப் பொறி வரச் செய்யும் தொடுமுனை) இடைவெளி 0.38 மில்லிமீட்டர் இருக்கான்னு பாருங்க. கொழும்புக்கு இறங்கினால் ஏற்றின நட்டை மறக்காமல் பழையபடி இறக்கிடுங்க. லீனாக ஓடினால் எக்சோஸ்ட் வால்வு கருகிடும்.