பிள்ளைகள் போட்டு அனுப்பும் கோடு, வட்டம், பெட்டிக்கு என்ன பதில் எழுதுவது?

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். ஆறாவது முதல் பத்தாவது வரை கலந்து வருவார்கள், பாதிக்கு மேல் கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். படத்துக்குப் போவதற்கு முன் அடிப்படைப் பயிற்சி கொடுக்கிறேன். ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, அதன் மேலேயே வெறுங்கையால் எட்டுத் தடவை போடுவது, இரண்டு புள்ளியை ஒரே இழுப்பில் சேர்ப்பது, கட்டத்துக்குள் நீள்வட்டம், அப்புறம் பெட்டி. எல்லாம் பேனாதான், ரப்பர் கிடையாது. வகுப்பு இல்லாத நாளில் வீட்டில் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்புவார்கள்.

பதில் எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். போன வாரம் ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் முழுத் தொகுப்பையும் அனுப்பினான். கோடு நடுங்குகிறது, தொடக்கமும் முடிவும் பிரிந்து கிடக்கிறது, நீள்வட்டம் கட்டத்தைத் தொடவில்லை, சிலது ஒரு முனை கூராக இருக்கிறது, பெட்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பெரிசு. அத்தனையையும் எழுதினால் அவன் அடுத்த தடவை அனுப்புவானா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் "சூப்பர்டா தம்பி" என்று போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். அது எனக்கே பிடிக்கவில்லை.

குரூப்பில் பெரிய பிள்ளைகள் எனக்கு முன்னால் "இது தப்பு, அது தப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். இது போக அவனுடைய அம்மா கேட்கிறார்: "கோடு கோடாவே போடுறானே, பாம்பன் பாலம் எப்பம்மா வரைவான்?"

எதை முதலில் சொல்வது? எத்தனை சொல்வது? அவன் தாளின் மேலேயே திருத்திக் காட்டலாமா?

---

சாயல்குடி டிராயிங் சார்:

அம்மா, நான் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைனும் (வெறுங்கையால் உருவக்கோடு வரைவது) மாடல் டிராயிங்கும் (எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரைவது) எழுதப் பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன்.

தாளிலேயே திருத்துங்கள், சிவப்பு மையில். ஃப்ரீஹேண்டில் நடுக்கோடு போட்டு இடது பாதியை வரைந்து வலது பாதியை அதற்கு ஈடாகக் கொண்டுவர வேண்டும். வலது பக்கம் வீங்கியிருந்தால் எங்கே வீங்கியிருக்கிறது என்று மை காட்டிவிடும். வாயால் விளக்கினால் பாதிப் பேருக்குக் காதில் ஏறாது. குறையைச் சொன்னால் மனம் வாடும் என்று இந்தக் காலத்தில் ரொம்பப் பார்க்கிறோம். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தெம்பானவர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எல்லாருக்கும் ஒரே பதில் எழுதாதீர்கள். பக்கத்துத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள்.

---

பாம்பன் போர்டு பெயின்டர்:

தங்கச்சி, நான் படகுக்குப் பெயர் எழுதுகிற ஆள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் மராமத்துக்குக் கரையேறும், எனக்கு வேலை குவிவது அப்போதுதான். பள்ளி லீவும் அதோடு சேர்ந்து வருவதால் பையன்கள் சுற்றி நின்று பிரஷ் கேட்பார்கள். அவர்கள் கையைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். சார் சொன்னதில் கடைசி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. சிவப்பு மைக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

தாளைப் பார்த்துக் கருத்து சொல்வதற்கு முன்னால் அந்தப் பையனிடம் கேளுங்கள்: எப்படி உட்கார்ந்து போட்டாய்? நம் பக்கம் வீட்டில் மேசை நாற்காலி எத்தனை பேருக்கு இருக்கிறது? தரையில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி வரைவார்கள். இல்லையென்றால் சம்மணம் போட்டு மடியில் நோட்டை வைத்துக்கொள்வார்கள். முழங்கை ஊன்றிவிட்டால் தோள் அசையாது, அசைவது மணிக்கட்டு மட்டும்தான். மணிக்கட்டால் விரல் நீளக் கோடு நேராக வரும், அதற்கு மேல் போனால் வளையும். வளைவதைத் தடுக்கப் பையன் மெதுவாக இழுப்பான், மெதுவாக இழுத்தால் நடுங்கும். நீங்கள் "கோடு நடுங்குது, கவனமாப் போடு" என்று எழுதினால் அவன் இன்னும் மெதுவாக இழுப்பான். நடுக்கம் கூடத்தான் செய்யும். பரீட்சை அட்டையில் தாளைச் செருகி, முட்டியில் சாய்த்து, முழங்கையைத் தூக்கி வரையச் சொல்லுங்கள். சுவரில் தாளை ஒட்டி நின்றுகொண்டு போட்டாலும் சரி. பாதி நடுக்கம் அதிலேயே போய்விடும்.

அடுத்தது போட்டோ. சாய்த்துப் பிடித்து எடுத்தால் நல்ல நீள்வட்டமும் நசுங்கித் தெரியும், பெட்டியின் கோடுகள் தானாகவே குவிந்துவிடும். திண்ணை வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே போனைப் பிடித்து, முழுப் பக்கமும் தெரிய எடுக்கச் சொல்லுங்கள். நன்றாக வந்த மூலையை மட்டும் வெட்டி அனுப்புகிற கெட்டிக்காரர்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தாள் நமத்துப்போய் ஜெல் பேனா ஊறும். அதைக் கைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பால்பாயின்ட் கொடுங்கள்.

இப்போது தாளுக்கு வருவோம். தப்பை எண்ணாதீர்கள். பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவது எது என்று மட்டும் பாருங்கள். ஒரு கோடு கோணலாகப் போனால் தம்பியோ தங்கையோ இடித்திருக்கும். நாற்பது கோடும் ஒரே பக்கம் வளைந்தால் அது பழக்கம். உங்கள் பதில் அந்தப் பழக்கத்துக்கு எழுதுவது.

எட்டுத் தடவை போடும் கோட்டில் முடிவு மட்டும் பிரிந்திருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம், அது போகப் போகக் குறையும். தொடக்கமும் பிரிந்திருந்தால் பையன் பேனாவைச் சரியான இடத்தில் வைக்காமலே இழுக்கிறான், அதாவது அவசரம். அவனுக்கு எழுத வேண்டியது: "ஒவ்வொரு தடவையும் முனையை அதே புள்ளியில் வைத்து, ஒரு மூச்சு நின்று, அப்புறம் இழு." எல்லாக் கோடும் ஒரே பக்கம் வளைந்தால் தோள் வேலை செய்யவில்லை. முழங்கையைத் தூக்கிப் போட்ட பிறகும் வளைந்தால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைக்கிற நினைப்போடு போடச் சொல்லுங்கள், நேராக வரும்.

நடுங்கினால் வேகம் போதாது. பேனா முனையைப் பார்த்துக்கொண்டே இழுக்கிறவன் கோடு நடுங்காமல் இருக்காது. சுக்கான் பிடிக்கிறவர் படகின் முன்முனையான அணியத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்த்தா ஓட்டுகிறார்? போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். தாளில் படாமல் காற்றில் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே இழுப்பு. புள்ளியைத் தாண்டிப் போனாலும் திட்டக் கூடாது. முதலில் ஓட்டம், குறி அப்புறம். ஓட்டம் வந்த கைக்குக் குறியைப் பழக்கலாம். குறி பார்த்து ஊர்ந்தே பழகிய கைக்கு ஓட்டம் வரப் பாடுபட வேண்டும்.

நீள்வட்டத்துக்கும் அதேதான். ஒவ்வொன்றையும் நிற்காமல் இரண்டு சுற்று சுற்றச் சொல்லுங்கள். இரண்டு சுற்றும் கொஞ்சம் விலகி, ஆனால் உருவம் சீராக இருந்தால் நல்ல தாள். ஒற்றைக் கோடாகச் சுத்தமாகத் தெரிந்து ஒரு முனை கூராக இருந்தால் அழகுக்காக ஊர்ந்திருக்கிறான். கட்டத்தின் நாலு பக்கமும் தொடுகிறதா என்பதை அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம். படகுத் துறையில் தொங்கும் டயரை நேரே நின்று ஒரு தடவை, பக்கவாட்டில் நகர்ந்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நகர நகர வட்டம் ஒடுங்கும், ஆனால் எங்கேயும் கூர் விழாது.

உங்கள் பையனுக்கு நான் எழுதுவதாக இருந்தால் இவ்வளவுதான்: "மூன்றாவது வரிசையில் கடைசி நாலு கோடு நடுங்கவே இல்லை. அங்கே என்ன மாற்றிச் செய்தாய்? அடுத்த தாள் முழுக்க அதே வேகத்தில் போடு, புள்ளியைத் தாண்டினாலும் பரவாயில்லை." பாராட்டும் அதில் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. பெட்டியைப் பற்றி இந்தத் தடவை மூச்சு விட வேண்டாம்.

சிவப்பு மை ஏன் வேண்டாம் என்றால், அவன் கோட்டின் மேல் என் கோடு ஏறிவிட்டால் அவன் பார்ப்பது என் கோட்டைத்தான். "அண்ணன் கை நல்லா இருக்கு" என்பதோடு முடிந்துவிடும். தாளுக்கு வெளியே வேறு தாளில், அவன் எதிரில், பெரிதாகப் போட்டுக் காட்டுங்கள். கை போகிற வேகத்தை அவன் பார்க்க வேண்டும். போட்டு முடித்த கோட்டில் வேகம் தெரியாது.

---

கீழக்கரை டிராஃப்ட்ஸ்மேன்:

பெயின்டர் அண்ணன் பெட்டியை விட்டுவிட்டார், அது என் பக்கம். வளைகுடாவில் கணினியில் வரையும் ஆட்டோகேடில் உட்கார்ந்தவன்தான், ஆனாலும் கை வரைபடம் பழகியவன்.

பெட்டிக்கு மட்டும் வேறு நிற மை வேண்டும், ஆனால் அது பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். ஒரு பெட்டியில் மூன்று திசை, ஒவ்வொரு திசைக்கும் நாலு கோடு. வரைந்து முடித்த பிறகு அந்த நாலையும் நம்மைவிட்டு விலகிப் போகும் பக்கமாக ஸ்கேல் வைத்து நீட்டச் சொல்லுங்கள், திசைக்கு ஒரு நிறம். நாலும் போகப் போக நெருங்கினால் சரி. விரிந்தால் பின்பக்கம் பெரிசாகிவிட்டது. நீங்கள் ஒரு வார்த்தையும் எழுத வேண்டியதில்லை, அவனுக்கே தெரிந்துவிடும். எந்தக் கோட்டை எந்தப் பக்கம் சாய்த்திருக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

பலரும் கைவைப்பது பின்மூலையில். மூன்று கோடும் அங்கே சேராமல் தட்டுக்கெட்டு நிற்கும், "மூலை சேரல" என்று எழுதிவிடுவோம். அந்த மூலை கடைசியில் வருவது, முன்னால் போட்ட கோடுகளின் பிசகெல்லாம் அங்கே வந்து குவியும். அதைத் திருத்தச் சொன்னால் பையன் மூலையை இழுத்து ஒட்டவைப்பான், பெட்டி இன்னும் கோணும். பிள்ளைகள் ஒரு முகத்தின் இரண்டு கோட்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், எதிர் முகத்தில் உள்ள இரண்டை மறந்துவிடுவார்கள். நாலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், மூலை தானாக அருகில் வரும்.

பாலம் கேட்ட அம்மாவுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில், 72.5 மீட்டர் தூக்குப் பகுதியை விட்டுவிட்டால், மற்ற 99 கண்ணும் (தூணுக்குத் தூண் இடைப்பட்ட பகுதி) ஒரே அளவு, 18.3 மீட்டர். பக்கத்து ரோட்டுப் பாலத்தில் ஓரமாக நின்று பார்த்தால் ஒவ்வொரு கண்ணும் முந்தினதைவிடச் சின்னதாகத் தெரியும். பையனை ஒரு நாள் அங்கே கூட்டிப்போய்க் காட்டிவிட்டுப் பெட்டிப் பயிற்சியைக் கொடுத்தால், எதற்காகப் போடுகிறோம் என்று அவனே வீட்டில் சொல்வான். காற்று அடிக்கிற நாளில் மட்டும் தாளோடு போகாதீர்கள்.

---

தங்கச்சிமடத்துக்காரி:

பெயின்டர் அண்ணே, கீழக்கரைக் காக்கா (அண்ணன்), சார், மூவருக்கும் நன்றி. பையனிடம் கேட்டேன். பாயில் குப்புறப் படுத்துத்தான் போட்டிருக்கிறான். டிவி ஓடிக்கொண்டிருந்ததாம், அதையும் அவனே சொல்லிவிட்டான். பரீட்சை அட்டை கொடுத்தேன். நேற்று அனுப்பிய தாளில் கோடு புள்ளியை ஏகத்துக்குத் தாண்டுகிறது, ஆனால் நடுக்கம் குறைந்திருக்கிறது. "தாண்டட்டும், இதே வேகம்" என்று மட்டும் எழுதினேன்.

ஒரே தொகுப்பைத் திரும்பப் போடச் சொல்வதா, அடுத்த பயிற்சிக்கு அனுப்பிவிடுவதா? குரூப்பில் முந்திக்கொள்ளும் பெரிய பிள்ளைகளை என்ன செய்வது?

---

பாம்பன் போர்டு பெயின்டர்:

அனுப்பிவிடுங்கள் தங்கச்சி. பயிற்சி என்ன கேட்டது என்று அவனுக்குப் புரிந்திருந்தால் போதும், தாள் அழகாக வரும்வரை நிறுத்தி வைத்தால் சலித்துப் போவான். பழைய கோடும் வட்டமும் தினம் பத்து நிமிடம், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால். புரியாமல் செய்திருந்தால் மட்டும் திரும்பக் கொடுங்கள், அதுவும் ஒரே ஒரு பக்கம்.

பெரியவர்களைத் தடுக்க வேண்டாம், வேலை கொடுங்கள். சின்னவன் தாளைப் பார்த்து அவர்கள் எழுதலாம், ஆனால் சொன்ன பயிற்சியைச் சொன்னபடி செய்திருக்கிறானா என்பதை மட்டும். இரண்டு சுற்று சுற்றினானா, ஸ்கேல் கோடு போட்டானா, பெட்டியின் கோட்டை நீட்டினானா. அழகைப் பற்றிப் பேச்சு கூடாது. அதற்காகப் பயிற்சியை அவர்களே ஒரு தடவை ஒழுங்காகப் படிக்க வேண்டிவரும்.

பாலத்தை இப்போதே வரையட்டும். பயிற்சிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அவன் இஷ்டத்துக்கு எதையாவது வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்துக்கு, அவனாகக் கேட்டால் ஒழிய, நீங்கள் கருத்து எழுதாதீர்கள்.

---

சாயல்குடி டிராயிங் சார்:

நாற்பது பிள்ளை இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் "எப்படி உட்கார்ந்தாய்" என்று கேட்கப் பெயின்டர் தம்பி ஒரு நாள் வரட்டும், டீ என் செலவு. பின்மூலை பற்றிக் கீழக்கரைக்காரர் சொன்னது நல்ல விஷயம், எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா, பத்தாவது பிள்ளைகளில் யாராவது தொழில்நுட்பத் தேர்வு எழுதப் போகிறார்களா? அவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு சுற்று சுற்றுவது பழக்கத்துக்குச் சரி. தேர்வில் குடத்தின் வாயை அப்படிச் சுற்றி வைத்தால் எடுபடாது, பென்சிலில் லேசாகச் சுற்றிவிட்டு ஒரே கோடாக எடுத்துக் காட்ட வேண்டும். அதைக் கடைசி மாதத்தில் பழக்கினால் போதும்.