“இதைக் குடிச்சா நானும் உயரமாயிடுவேனாம்மா?”

மதுரையிலிருந்து ஓர் அம்மா:

என் மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் உயர வரிசையில் நிற்க வைத்தால் எப்போதும் அவள்தான் முதல் ஆள். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. ஒரு நாள் கார்ட்டூனுக்கு நடுவே வந்த சத்துபான விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான், “இதைக் குடிச்சா நானும் உயரமாயிடுவேனாம்மா?” என்று கேட்டாள். அடமெல்லாம் பிடிக்கவில்லை. பயந்தது நான்தான். எல்லாரும் கொடுக்கிறார்களே, நாம் கொடுக்காமல் விட்டுப் பிள்ளை குட்டையாகவே நின்றுவிட்டால்? அன்று மாலையே அரை கிலோ டப்பா வாங்கினேன். என் மாமியாரும், “வெறும் பாலைக் கொடுக்காதே, அதைக் கலந்து கொடு” என்றார்.

எட்டு மாதம், காலையும் இரவும் இரண்டு ஸ்பூன் போட்டேன். ருசிக்காகச் சர்க்கரை வேறு சேர்த்தேன். பல்வலி என்று போனபோது, “படுக்கும் முன் என்ன குடிக்கிறாள்?” என்று பல் மருத்துவர் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 100 கிராம் மாவில் சேர்த்த சர்க்கரை மட்டுமே 30 கிராமுக்கு மேல்! எட்டு மாதமும் முன்பக்கப் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் குழந்தைகள் நல மருத்துவரிடம் போனோம். என் உயரம், கணவர் உயரம் இரண்டையும் கேட்டார். மகளின் பழைய அளவுகளை வளர்ச்சி அட்டவணையில் புள்ளி வைத்துக் காட்டி, “அவளுக்கான கோட்டில் சரியாக வளர்கிறாள்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றாக இருந்த பிள்ளையை அல்லவா குறையுள்ளவளாகப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே இல்லை. 2024 ஏப்ரலில்தான், இத்தகைய பானங்களை அந்தப் பெயரின் கீழ் வைக்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு சொன்னது. அதற்குள் எத்தனை வருடம் அந்தச் சொல்லை நம்பி வாங்கியிருக்கிறோம்!

திருச்சியிலிருந்து ஓர் அப்பா:

சகோதரி, எங்கள் வீட்டுக்கு விளம்பரம் பள்ளி வழியாகவே வந்தது. ஓவியப் போட்டி, பரிசு ஒரு பை. பை முழுக்க சிப்ஸ் பாக்கெட் படம். பள்ளி வாசலிலும் அதே பேனர். பள்ளி வளாகத்திலும் பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை இருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு நாலு பெற்றோராகத் தலைமையாசிரியரைப் பார்த்தோம். அவருக்கும் அது புதுச் செய்தி. மறுநாளே பேனரை எடுத்துவிட்டார்.

பையை மட்டும் என் மகன் இன்னும் விடவில்லை. தினமும் அதில்தான் டியூஷனுக்குப் போகிறான்.