இழுப்பது கேசட்டா, பாட்டே அப்படித்தானா?

நாயுடுபுரம்_ஜீப்:

கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தார்கள், சாமான் இறக்க என் வண்டிதான் போனது. வாடகையில் முந்நூறைக் கழித்துக்கொண்டு ஒரு டூ-இன்-ஒன் செட்டும் ஒரு ஷூ டப்பா நிறைய கேசட்டும் வாங்கி வந்தேன். மொத்தம் 14. பத்து தமிழ், மூன்று சர்ச் பாட்டு, ஒன்றே ஒன்று இங்கிலீஷ்: அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' ஆல்பம். அட்டையில் கார் கண்ணாடி வழியாகத் தெரியும் வெறும் ரோடு, கறுப்பு வெள்ளையில். டிரைவர் புத்தி, அதைத்தான் முதலில் போட்டேன்.

மற்ற கேசட்டெல்லாம் ஓரளவு நன்றாகவே பாடுகின்றன. இதில் மட்டும் ஆள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது. சவுண்டைக் கூட்டினால் கூடவே 'ஸ்ஸ்' என்று இரைச்சல். முதல் பக்கம் முடியப் போகிற நேரத்தில் கிடார் ஒரே மாதிரி டுக்கு டுக்கு என்று போய்க்கொண்டே இருக்கிறது, திடீரென்று ஒரு அலறல். டேப் சிக்கிவிட்டது என்று பதறி நிறுத்தினேன். எடுத்துப் பார்த்தால் டேப்பில் ஒரு மடிப்பு கூட இல்லை. மறுபடி போட்டால் அதே இடத்தில் அதே அலறல். நாய் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

இரண்டாம் பக்கம் இன்னும் மோசம். பாட்டு இழுக்கிறது, மவுத் ஆர்கன் நடுங்குகிறது. கேசட் ஜன்னலில் பார்த்தால் டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வேறு.

கேசட் போச்சா, செட் போச்சா, இல்லை இவர் பாடுவதே இப்படித்தானா? வத்தலக்குண்டுக்கு இறங்கி ரிப்பேருக்குக் கொடுக்கலாமா?

மலைப்பூண்டு:

ஆல்பம் யூடியூபிலேயே இருக்கிறது பாஸ். கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

குன்னூர்_ரெக்கார்டிங்:

தூக்கிப் போடாதே தம்பி. நான் எண்பதுகளில் பெட்ஃபோர்டு பக்கம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் படிக்க வந்த ஒரு வெளிநாட்டு அதிகாரி இதே கேசட்டைக் காப்பி எடுக்கக் கொடுத்தார். என் மெஷின்தான் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹெட்டைத் துடைத்தேன். அலறலுக்கும் உன்னை மாதிரியே பதறி நிறுத்தினேன். அவர் மாலையில் வந்து, விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னார், அது பாடகர் போடும் சத்தம் என்று. 'ஸ்டேட் ட்ரூப்பர்' என்ற பாட்டு. ராத்திரி ரோட்டில் தனியாகக் கார் ஓட்டுகிறவன், போலீஸ் நம்மை நிறுத்திவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே போகிறான். அலறல் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிறார் என்றாயே, கிட்டத்தட்ட அதேதான். 1982 ஜனவரியில், நியூ ஜெர்ஸியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் வாடகை வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து பதிவு செய்தது. மெஷின் டியாக் கம்பெனியின் போர்ட்டாஸ்டுடியோ, வீட்டிலேயே நாலு டிராக்கில் தனித்தனியாகப் பதிகிற கேசட் மெஷின். நம் சாதாரண கேசட்டைத்தான் போட வேண்டும், ஆனால் இரட்டை வேகத்தில் ஓடும். நாலு டிராக்கும் ஒரே திசையில் போவதால் கேசட்டைத் திருப்பிப் போடுகிற வேலையே கிடையாது. இரண்டு மைக். குரலும் கிடாரும் இரண்டு டிராக்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம் இரண்டில் மவுத் ஆர்கன், இன்னொரு குரல், எது வேண்டுமோ அது. அப்புறம் எக்கோப்ளெக்ஸ் என்ற டேப் எக்கோ பெட்டி வழியாக விட்டு, ஒரு பானசோனிக் டேப் செட்டில் இறக்கினார். அது ஏற்கெனவே ஒரு தடவை தண்ணீரில் விழுந்து எழுந்த செட். அந்தப் பக்கத்து அறைக் குரல் இப்படி வந்ததுதான்.

ஆல்பமாகப் போடுகிற எண்ணமே அப்போது இல்லை, கூட வாசிக்கிற இசைக்குழுவுக்கு, அதாவது பேண்டுக்கு, பாட்டைக் காட்டத்தான் அந்த கேசட். டப்பா கூட இல்லாமல் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பல வாரம் திரிந்திருக்கிறார்! பிறகு நியூயார்க்கில் பேண்டோடு, பெரிய ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. பாக்கெட்டில் இருந்த கேசட்டையே வெளியிடுவது என்று முடிவானது. அதை எல்.பி. தட்டுக்கு மாற்றுவதற்குள் இன்ஜினியர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கேசட்டாக மட்டும் விடலாமா என்று கூட யோசித்தார்கள். கடைசியில் ஒலி அளவைக் குறைத்து வைத்துத்தான் தட்டு வெட்டினார்கள். 1982 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது. பத்துப் பாட்டு. கச்சேரிப் பயணம் கிடையாது, பேட்டி கிடையாது. ஆனாலும் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது.

இப்போது உன் இரைச்சல். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே காதை வைத்துக் கேள். அங்கே இரைச்சல் குறைந்தால் அந்த அளவு பாட்டோடு வந்தது. குறையாமல் அப்படியே நின்றால் உன் கேசட்டும் செட்டும் போடுகிற சத்தம்.

மவுத் ஆர்கன்தான் நல்ல அளவுகோல். அது காதைக் குத்த வேண்டும். மங்கலாகக் கேட்டால் ஹெட்டில் அழுக்கு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடை. நீட்டி ஊதுகிற ஸ்வரம் நேராக நிற்க வேண்டும். அது நடுங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் டேப்பை அழுத்தி இழுக்கிற ரப்பர் உருளை, பிஞ்ச் ரோலர், வழவழத்துப் போயிருக்கிறது. இரண்டுமே சின்ன வேலைதான், வத்தலக்குண்டில் பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது இருந்தால் போதும்.

வெள்ளைத் திட்டு பூஞ்சணம். அதை எடுக்காமல் இனி கேசட்டைப் போடாதே, ஹெட்டில் ஒட்டி மற்ற 13 கேசட்டுக்கும் பரவும். கணப்புப் பக்கம் வைத்தால் ஓடு நெளிந்துவிடும். அலமாரிக்குள் ஜீரோ வாட் பல்பு போட்டு ஒரு வாரம் காய வை, ஐப்பசி மழையில் துணிக்குச் செய்வோமே, அந்த மாதிரி. பிறகு வீட்டுக்கு வெளியே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, டேப்பை மெல்லிய பருத்தித் துணி நடுவே விட்டு பென்சிலால் மெதுவாகச் சுற்று. ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் அறுந்துவிடும்.

ஃபிங்கர்போஸ்ட்:

அண்ணன் சொல்வதெல்லாம் சரி, ஆனால் சரிப்படவில்லை என்று ஒதுக்கிய அந்தப் பேண்டு பதிவு 2025 அக்டோபரில் வெளிவந்துவிட்டதே. கேட்டேன். 'அட்லாண்டிக் சிட்டி'யும் 'ஜானி 99'உம் அதில்தான் உயிரோடு இருக்கின்றன. தனியாகப் பாடியதைக் கேட்டால் ஆடி மாதம் கரண்டு இல்லாத ராத்திரி, அவலாஞ்சி பக்கம் தனியாக மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது எனக்கு. பாதியில் நிறுத்திவிடுவேன்.

குன்னூர்_ரெக்கார்டிங்:

'ஜானி 99' பேண்டோடு நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள். 1958 ஜனவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களில் பத்துப் பேரைக் கொன்றவனின் வாயால் சொல்லப்படுகிற பாட்டு அது. டிரம்ஸ் அடித்துக்கொண்டு சொன்னால் அவன் ஹீரோ ஆகிவிடுவான். கிடாரும் மவுத் ஆர்கனுமாக அடங்கி ஒலிக்கும்போது, அவன் நம் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறான். நீ பாதியில் நிறுத்துகிறாய் பார், அது பாட்டுக்குக் கிடைத்த வெற்றி.

நாயுடுபுரம்_ஜீப்:

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாகக் குன்னூர் அண்ணனுக்கு. பெல்ட்தான். வத்தலக்குண்டு மெக்கானிக் 120 ரூபாய் வாங்கினார், பழைய பெல்ட்டை இழுத்துக் காட்டினார், சூயிங்கம் மாதிரி நீண்டது. பூஞ்சணத்தைத் துடைக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. இரைச்சல் பாட்டு இடைவெளியிலும் கொஞ்சம் இருக்கிறது, ஆக இரண்டு பேர் மேலும் தப்பு.

இப்போது இரண்டாம் பக்கம் இழுக்கவில்லை. முதல் பாட்டு 'யூஸ்டு கார்ஸ்', வரிகளை போனில் போட்டு அர்த்தம் பார்த்தேன். குடும்பத்தோடு பழைய கார் வாங்கப் போகிறார்கள், விற்கிறவன் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு பேசுகிறான், பையன் அதைக் கவனிக்கிறான். என் ஜீப்பும் மூன்றாம் கை. திண்டுக்கல்லில் அதை வாங்கும்போது அப்பாவும் கூட வந்திருந்தார். அவர் கையில் பூண்டுக் காட்டு மண் இருந்தது. அந்த ஆள் விலையைச் சொன்னபோது எங்கே பார்த்தார் என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

அலறல் அப்படியே இருக்கிறது. நாய் இப்போதெல்லாம் அதுவரை காத்திருப்பதில்லை. டுக்கு டுக்கு ஆரம்பித்ததுமே எழுந்து வெளியே போய்விடுகிறது.